மாப்பிள்ளைக் காரின் விசிறி

எங்கள் வீட்டுக் காரை நான் “என் கார்” என்று சொன்னதெல்லாம் வெளியாட்களிடம் மட்டும்தான். வீட்டுக்குள் வாய் தவறிச் சொன்னால் என் மனைவி ஒரு பார்வை பார்ப்பாள். வீடு அவளுடையது. வளவும் வளவிலிருந்த தென்னைகளும் அவளுடையவை. எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்குத்தான். மாப்பிள்ளை உடுத்த உடுப்போடு வந்து சேருகிறவன். மாமனார் கண் மூடியபோது காரும் மூத்த மகளான அவள் பெயருக்கே வந்திருந்தது. ஓட்டுகிறவன் நான், கழுவுகிறவன் நான், சக்கரத்துக்குக் காற்றடிக்கிறவன் நான். சொந்தக்காரி அவள்.

இங்கிலீசுக்காரன் நாட்டை விட்டுப் போன காலத்தை ஒட்டி வந்திறங்கிய கார். உருண்டை முதுகு, கரும்பச்சை நிறம், கதவைச் சாத்தினால் இரும்புப் பெட்டியை மூடுகிற சத்தம். யுத்தம் உச்சத்தில் இருந்த அந்த வருடங்களில் செட்டிபாளையத்தில் கலியாணம் என்றால் மாப்பிள்ளையை அந்தக் காரில்தான் அழைத்து வருவார்கள். வேறு கார்கள் இல்லாமல் இல்லை. ஆனால் அதில் வந்திறங்கினால்தான் மாப்பிள்ளைக்கு ஒரு எடுப்பு என்று ஊர் நம்பியது. நானும் நம்பினேன், ஓட்டுகிறவனுக்கும் அந்த எடுப்பில் கொஞ்சம் ஒட்டும் என்பதால்.

அதற்கு ஒரே ஒரு குணக்கேடு. ஓடினால் ஒரு குறையும் சொல்ல முடியாது, நின்றால் கொதிக்கும். ரேடியேற்றருக்குப் பின்னால் இருந்த விசிறி என்சினோடு பெல்ற் போட்டுச் சுற்றுவது. என்சின் மெல்ல ஓடினால் அதுவும் சோம்பல் முறிக்கும். மாமனார் காலத்தில் இது ஒரு பிரச்சினையாகவே இருந்திருக்காது. பட்டணம் போகிற வழியில் அவரை யார் மறித்தார்கள்? எங்கள் காலத்தில் ஒரு சோதனைச்சாவடி முடிய இன்னொன்று, ஒவ்வொன்றிலும் வரிசை. போதாததற்கு மாப்பிள்ளை அழைப்பு. மேளக்காரர் நடக்கிற வேகத்துக்குக் கார் ஊர வேண்டும். பாதி வழியில் பொனற் இடுக்கால் ஆவி வரும். ஊர்ப் பொடியன்கள் அதற்குச் “சுடுதண்ணிக் கார்” என்று பெயர் வைத்தார்கள். ஒரு கலியாண வீட்டில் பந்தலுக்குள் இருந்து ஒருவர், “தம்பி, தேயிலை கொண்டு வரட்டா?” என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

கல்லடியில் கராஜ் வைத்திருந்தவன் என்னோடு பள்ளிக்கூடத்தில் படித்தவன். கை சுத்தம், வாய் நீளம். நொறுங்கிப் போன ஒரு ஜப்பான் காரிலிருந்து கரண்டில் ஓடும் விசிறி ஒன்றைக் கழற்றி வைத்திருந்தான்.

“மச்சான், இதப் பூட்டினா உண்ட காருக்குக் குளிர்ந்து தடிமனும் இருமலும் பிடிக்கும்” என்றான்.

பழைய விசிறியின் இதழ்களைக் கழற்றினால்தான் புதியதற்கு இடம் கிடைக்கும். கழற்றினோம். இரண்டு இரும்புச் சட்டங்களை வளைத்து விசிறியை ரேடியேற்றரோடு பூட்டி, ஸ்ரேறிங்குக்குக் கீழே கைக்கெட்டும் இடத்தில் ஒரு சுவிச்சை வைத்தான். தட்டினால் ஓடும், மறுபடி தட்டினால் நிற்கும். முதல் முறை தட்டியபோது காற்று உள்ளே வருவதற்குப் பதிலாக முன்பக்கம் அடித்தது. முன்னால் பெருமையாக நின்ற கராஜ்காரனின் இடுப்புச் சாரம் பட்டமாக எழும்பியது. அந்தக் காலத்து இங்கிலீசுக் காருக்குப் பற்றறியின் நேர்முனைதான் உடம்போடு சேர்ந்திருக்கும், மற்றக் கார்களுக்கு நேர்மாறு. அதனால் விசிறி எதிர்ப்பக்கமாகச் சுற்றியிருக்கிறது. வயரை மாற்றிக் கட்டியதும் சரியாகிவிட்டது. அன்று வீடு திரும்பும்போது வரிசையில் நின்றும் கார் கொதிக்கவில்லை. நான் சத்தமாகப் பாட்டுப் பாடிக்கொண்டு வந்தேன்.

அந்தச் சந்தோசத்தைக் கெடுத்தது என் கைதான். கையை அப்படிப் பழக்கி வைத்தது அந்த ரோட்டு. சாவடிக்குக் கிட்டப் போனதும் எல்லாவற்றையும் நிறுத்த வேண்டும். றேடியோ, லைற், என்சின், எல்லாம். ஏதாவது ஒன்று ஓடிக்கொண்டிருந்தால் ஆமிக்காரன் முகம் மாறும். ஆக, சாவடியைக் கண்டதும் எங்கள் ஊர்ச் சாரதிகள் எல்லாருடைய கையும் தானாகவே ஒரு சுற்றுப் போய்விட்டு வரும். அகப்படுகிற சுவிச்சையெல்லாம் அமத்தும். மூளைக்கு அதில் வேலையில்லை. கிளம்பும்போது கை திரும்பத் தொடுவது சாவியை, எங்கள் பேச்சில் கார்த் திறப்பை, மட்டும்.

மனைவியின் தங்கைக்குக் கொக்கட்டிச்சோலைப் பக்கத்தில் ஒரு சம்பந்தம் பொருந்தி வந்தது. மண்முனைத் துறையில் காரை விட்டு, வாவியைக் கடந்து போய்ப் பேசிவிட்டு, மனம் நிறைந்து திரும்பினோம். மனைவி இருக்கிறதில் நல்ல சேலையை உடுத்தியிருந்தாள். வழியில் முதல் சாவடியில் என் கை தன் சுற்றைப் போய்விட்டு வந்தது. விசிறியையும் சேர்த்து அமத்தியது எனக்குத் தெரியாது. அடுத்த சாவடியின் வரிசை நீளம். ஆவி கிளம்பியது. நான் பொனற்றைத் திறந்து ரேடியேற்றர் மூடியில் துணியைப் போட்டுத் திருகிய நேரம் பார்த்து, என்ன நடந்ததென்று பார்க்க மனைவி பக்கத்தில் வந்து நின்றாள். துரு கலந்த தண்ணீர் அவள் சேலையின் முந்தானையிலிருந்து கரை வரைக்கும் அடித்தது. நல்ல வேளையாக உடம்பு வேகவில்லை. அவள் கத்தியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். முந்தானையைப் பிழிந்துவிட்டுக் காருக்குள் ஏறி இருந்தாள்.

வீட்டுப் படலையடியில் இறங்கும்போதுதான் வாய் திறந்தாள்.

“இஞ்சேருங்க. தங்கச்சிர மாப்பிள இந்தக் காரிலதான் வரவேணும். அண்டைக்கு இது கொதிக்காம வந்தா இருக்கட்டும். கொதிச்சா, மில் முதலாளிக்குக் குடுத்திருவன்.”

மில் முதலாளி பக்கத்து ஊரில் அரிசி ஆலை வைத்திருந்தவர். எங்கே கண்டாலும் காரைக் கேட்பார். நல்ல மனிதர்தான், ஆனால் அவருடைய திட்டம்தான் எனக்குப் பிடிக்காது. உள்ளே இருப்பதைப் பிடுங்கி எறிந்துவிட்டு டீசல் என்சின் ஒன்றை ஏற்றப் போகிறாராம். ஆலைக்குப் போக வர வசதியாம். அந்தப் பொனற்றுக்குக் கீழே ஒரு டீசல் கடகடப்பதை நினைக்க எனக்குச் சோறு இறங்கவில்லை. சண்டை பிடிக்கலாம் என்றால் கார் என்னுடையதும் இல்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கராஜ்காரனை வீட்டுக்கே வரவழைத்தேன். கையை நம்பிப் பயனில்லை என்பதில் எங்களுக்குள் கருத்து வேறுபாடு இல்லை. அவன் பையிலிருந்து பித்தளைக் குமிழ் போல ஒன்றை எடுத்தான். அதே ஜப்பான் காரின் ரேடியேற்றரில் இருந்த சூட்டுச் சுவிச். தண்ணீர் குறிப்பிட்ட அளவு சூடானால் தானாக விசிறியை ஓட விடும், ஆறினால் தானாக நிறுத்தும். மனிதக் கை தேவையில்லை.

ஆனால் அது உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க வேண்டுமே. குசினியில் மனைவியின் மீன்கறிச் சட்டியை எடுத்துத் தண்ணீர் விட்டு அடுப்பில் வைத்தோம். சுவிச்சை வயரில் கட்டித் தண்ணீருக்குள் தொங்கவிட்டு, மறுமுனையில் பற்றறியையும் சின்ன பல்ப் ஒன்றையும் பொருத்தினோம். இரண்டு பேரும் குந்திக்கொண்டு சட்டிக்குள் பார்த்தபடி இருந்தோம். கிணற்றடியிலிருந்து வந்த மனைவி வாசலில் நின்றாள்.

“என்ன கறி அது?”

“சுவிச்சுக் குழம்பு, தங்கச்சி” என்றான் அவன்.

“உப்புப் போட்டாச்சா?”

அடியிலிருந்து சின்னச் சின்னக் குமிழிகள் எழும்பத் தொடங்கியபோது பல்ப் எரிந்தது. அடுப்பை விட்டு இறக்கி வைத்தோம். கொஞ்ச நேரத்தில் அணைந்தது. மறுபடி வைத்தோம், மறுபடி எரிந்தது. கராஜ்காரன் என் முதுகில் அடித்தான். மனைவி தன் சட்டியைத் தூக்கி முகர்ந்து பார்த்துவிட்டு அதை எங்களுக்கே தந்துவிட்டாள். சிரிப்பை அடக்குகிறாள் என்று எனக்குத் தெரிந்தது. சேலை விஷயத்துக்குப் பிறகு அவள் முகத்தில் நான் கண்ட முதல் வெளிச்சம் அதுதான்.

பழைய ரேடியேற்றரில் அதைப் பூட்ட இடமில்லை. மேலே தண்ணீர் போகும் ரப்பர்க் குழாயை நடுவில் வெட்டி, ஒரு செப்புக் குழாய்த் துண்டை இடையில் செருகி, அதன் வயிற்றில் ஒட்டு வைத்த நட்டில் சுவிச்சை முடுக்கினான். எங்களுக்குள் வாக்குவாதம் வந்தது வயரில்தான். கார்த் திறப்பைத் திருப்பி என்சினை நிறுத்தினால் விசிறியும் நிற்கும்படி கட்டு என்றேன் நான்.

“விசர் கதை கதைக்காத மச்சான். என்சின நிப்பாட்டினாப் பிறகுதான் தண்ணி கூடச் சுடும். அப்பதான் காத்து வேணும். நான் நேர பற்றறிலயே குடுக்கிறன். நீ திறப்ப எடுத்துப் பொக்கற்றில போட்டாலும் அது தண்ட வேலயச் செய்யும்.”

சொன்னது சரி. என்சினை நிறுத்திய கார்தான் அதிகம் கொதிக்கும் என்பதை நானே அனுபவித்திருக்கிறேன். தலையை ஆட்டினேன். தண்ணீரைப் பற்றி இரண்டு பேரும் ஆற அமர யோசித்தோம். சாவடியில் நிற்கிற மனிதர்களைப் பற்றி ஒருவனும் யோசிக்கவில்லை.

கலியாணம் வரைக்கும் பெற்றோலை மிச்சம் பிடிக்க ஊருக்குள் மட்டும் ஓட்டிப் பார்த்தேன். காரை முற்றத்தில் நிறுத்திவிட்டு நான் தேத்தண்ணி குடிக்கும்போது அது தனியே ‘விர்ர்’ என்று ஓடி, தனியே அடங்கும். எவ்வளவு ஒழுக்கமான பிள்ளை என்று அடிக்கடி எழுந்து போய்ப் பார்ப்பேன். அந்த நாட்கள் நல்ல நாட்கள். கலியாண வீட்டுக்குப் பலகாரம் சுடும் வாசம், சேலைப் பேச்சு, மனைவியும் தங்கையும் ஒரே பாயில் இருந்து எதையெதையோ சொல்லிச் சிரிப்பது. சுற்றிலும் என்ன நடந்துகொண்டிருந்தாலும் எங்கள் வளவுக்குள் ஒரு கலியாணம் நடக்கப் போகிறது என்ற சந்தோசப் புழுகம் எல்லோருக்கும் இருந்தது.

கலியாணத்தன்று விடிந்ததும் மண்முனைத் துறைக்குப் போனேன். மாப்பிள்ளை வாவியைக் கடந்து, பட்டு வேட்டி நனையாமல் தூக்கிப் பிடித்தபடி வந்து இறங்கினான். வயல் செய்கிற பிள்ளை, அகன்ற தோள், பேச்சுக் குறைவு. அவனுடைய மாமன்மார், சித்தப்பன்மார் தாங்களே பிடித்த வான் வண்டி ஒன்றில் ஏறிப் பின்னால் வந்தார்கள். காருக்குள் ஏறியதும் கூரையைத் தடவிப் பார்த்தான்.

“அண்ணன், நல்ல கார்” என்றான்.

அந்த ஒரு சொல்லிலேயே எனக்கு அவனைப் பிடித்துப்போய்விட்டது.

வழியில் முதல் சாவடியில் நிறுத்தாமலே விட்டுவிட்டார்கள்; அடுத்தது பெரிய சாவடி. வழக்கப்படி ஆட்களை இறக்கி நடக்கவிட வேண்டும். வானில் வந்தவர்கள் இறங்கி அடையாள அட்டைகளோடு நடந்தார்கள். இளவயது ஆமிக்காரன் ஒருவன் மாப்பிள்ளையின் தலைப்பாகையைப் பார்த்துவிட்டுச் சிரித்தான்.

“மாப்பிளை இருங்க. கலியாணம்தானே” என்று அரைத் தமிழில் சொன்னான்.

நான் என்சினை நிறுத்தி, கார்த் திறப்பைக் கையில் எடுத்துக்கொண்டு பொனற்றைத் திறந்துவிட்டேன். அவன் குனிந்து உள்ளே பார்த்தான். எல்லாம் அமைதி.

‘விர்ர்ர்!’

அவன் ஆறடி தூரம் பின்னால் பாய்ந்தான். மணல் மூட்டைக்குப் பின்னாலிருந்து துவக்குகள் நிமிர்ந்தன. யாரோ கத்தினார்கள். நான் கையைத் தூக்கினேன். கையில் கார்த் திறப்பு தொங்கியது. மாப்பிள்ளை பட்டு வேட்டியும் தலைப்பாகையுமாக இறங்கிக் கையைத் தூக்கியபடி என் பக்கத்தில் நின்றான். காரை மறந்தேன். தங்கையின் தாலிக்கு முன்னால் இவனுக்கு ஒன்று ஆகிவிடக் கூடாது என்பது மட்டும்தான் நெஞ்சில் இருந்தது. விசிறி தன்பாட்டுக்கு ஓடியது. பிறகு, தண்ணீர் ஆறியதும், தன்பாட்டுக்கு நின்றது. அது அவர்களை இன்னும் பயமுறுத்திவிட்டது.

“யார் நிப்பாட்டினது?” என்று கத்தினான் முன்பு சிரித்தவன்.

உள்ளேயிருந்து அவர்களுடைய அதிகாரி வந்தார். எனக்குத் தெரிந்த சிங்களத்தில் “வத்துர ரஸ்னெய், வத்துர ரஸ்னெய்” என்று திரும்பத் திரும்பச் சொன்னேன், தண்ணீர் சூடு என்று. கிட்ட வரச் சொன்னார். நான் ரேடியேற்றரையும் செப்புக் குழாயையும் சுவிச்சையும் காட்டினேன். அவர் குனிந்து, வயர் போன வழியெல்லாம் கண்ணால் போய் வந்தார். நிமிர்ந்தபோது அவர் முகம் இளகியிருந்தது.

“நல்ல வேலை” என்றார், திருத்தமான தமிழில். “ஆனா கையில்லாம ஓடுற எதையும் இந்த ரோட்டில விட ஏலாது.”

பற்றறியிலிருந்து விசிறிக்குப் போன வயர் முழுவதையும் வெட்டி உருவி எடுத்துக்கொண்டார்கள். மாப்பிள்ளையிடம் வாழ்த்துச் சொல்லிவிட்டுத்தான் அதிகாரி உள்ளே போனார். அந்த நாட்களில் வழியில் ஒரு முழம் வயர் வாங்குவது பவுண் வாங்குவதை விடக் கஷ்டம். வாங்கினாலும் கொண்டுபோவது அதைவிடக் கஷ்டம். பழைய விசிறியோ கராஜில் கிடந்தது. ஆக, மாமனாரின் கார் இப்போது விசிறியே இல்லாத கார்.

ஓடும்போது காற்று வந்துகொண்டிருந்ததால் ஊர் எல்லைப் பிள்ளையார் கோயில் வரைக்கும் சமாளித்துவிட்டேன். அங்கே மேளக்காரரும் பெண்களும் காத்து நின்றார்கள். இனி வீடு வரைக்கும் நடை வேகம். சூட்டைக் காட்டும் முள் ஏற்கெனவே மேலே ஏறியிருந்தது. இருநூறு மீற்றர் போவதற்குள் ஆவி வரும். அதோடு கார் முதலாளிக்குப் போகும். வானில் ஏற்றிக்கொண்டு போகவும் முடியாது. மாப்பிள்ளை தன் பக்கத்து வாகனத்தில் தானே வந்து இறங்கினால் பெண் வீட்டாருக்கு அதைவிட அவமானம் இல்லை. நான் என்சினை நிறுத்திவிட்டு ஸ்ரேறிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டேன். எனக்கு அழுகை வந்தது என்று சொல்வதில் இப்போது வெட்கமில்லை.

“என்ன அண்ணன்?” என்றான் மாப்பிள்ளை.

மனைவி போட்ட நிபந்தனையைச் சொன்னேன். அவன் திரும்பிப் பின்னால் நின்ற வானைப் பார்த்தான். பிறகு ஜன்னலால் தலையை நீட்டினான்.

“மாமா! எல்லாரும் இஞ்சால வாங்க. காரக் கொஞ்சம் தள்ளுங்க.”

வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மாமன்மாரும் சித்தப்பன்மாரும் வந்தார்கள்.

“வயல் வட்டைச் சேத்துக்குள்ள உழவு மிசின் புதைஞ்சாலே தள்ளுறம். இதென்ன, தார் ரோட்டு!” என்றார் ஒரு மாமன்.

கை வைத்ததும் கார் பூப்போல நகர்ந்தது. நான் ஸ்ரேறிங்கை மட்டும் பிடித்தேன். என்சின் சத்தம் இல்லாததால் நாதஸ்வரம் அப்படியே காதில் விழுந்தது. பெண்கள் குரவை போட்டார்கள். வெடி கொளுத்த அனுமதி இல்லாத காலம். அந்தக் குரவைதான் எங்களுக்கு வெடி. சரியாக மேளக்காரரின் வேகம், ஒரு குலுக்கல் இல்லை. எத்தனையோ மாப்பிள்ளைமாரை அந்தக் காரில் கொண்டுவந்திருக்கிறேன். இத்தனை அழகாக அது வந்ததே இல்லை.

பந்தல் வாசலில் மனைவி ஆலாத்தித் தட்டோடு நின்றாள். அவள் கண் முதலில் போனது தங்கையின் மாப்பிள்ளையிடம் அல்ல, பொனற்றுக்கு. பிறகு, பின்னால் வேர்த்து வடிந்து நின்ற சம்பந்திமாரைப் பார்த்தாள். பிறகு என்னை. ஆலாத்தி எடுத்து மாப்பிள்ளையை உள்ளே அனுப்பினாள்.

விருந்துக்கு வந்திருந்த மில் முதலாளி வாயெல்லாம் பல்லாகக் காருக்குக் கிட்ட வந்தார்.

“என்ன புள்ள, தள்ளிக்கு வாற நிலைக்கு வந்திட்டுது போல! நாளைக்கு உழவு மிசினோட ஆள அனுப்பட்டா? கட்டி இழுத்துக்கு வரச் சொல்றன்.”

“என்னத்துக்கு?” என்றாள் மனைவி.

“விக்கிறன் எண்டு சொன்னயாமே?”

“கொதிச்சா விக்கிறன் எண்டு சொன்ன நான். கொதிச்சதா எண்டு இவரக் கேளுங்க.”

அவர் என்னைப் பார்த்தார்.

“இல்ல” என்றேன். பொய்யில்லை.

“என்சினே ஓடல்லியே புள்ள!”

“அதப் பத்தி நான் ஒரு கதையும் கதைக்கல்லியே. நீங்க வாங்க, மணவறை தொடங்கப் போகுது.”

முதலாளி தலையில் கை வைத்துக்கொண்டு சிரித்தபடி பந்தலுக்குள் போனார். மனைவி தட்டை இடது கைக்கு மாற்றிக்கொண்டு, காய்ச்சல் பார்க்கிறவள் போல வலது உள்ளங்கையைப் பொனற்றின் மேல் வைத்தாள். உச்சி வெயிலில் வந்த இரும்பு. அடியில் இன்னும் ஆறாத என்சின். என்னால் அதில் ஒரு விரல் வைக்க முடியாது. அவள் கையை எடுக்கவில்லை.

“சுடல்ல” என்றாள்.